பழக்கூடையும் பந்தும்

வாளுக்கும் கிரீடத்துக்கும் சரித்திரத்தில் இடம் உண்டு. பழக்கூடைக்கு யார் இடம் தருவார்கள்? ஆயினும், உலகமெங்கும் கோடிக்கணக்கான வாலிபர்களை மைதானத்துக்கு இழுத்த ஒரு விளையாட்டு இரண்டு பழக்கூடைகளிலிருந்துதான் பிறந்தது.

அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் வை. எம். ஸி. ஏ. சங்கத்தார் தேகப் பயிற்சி ஆசிரியர்களைத் தயார் செய்ய ஒரு கலாசாலை நடத்தி வந்தார்கள். 1891 டிசம்பர் மாதம். வெளியே குளிர். கூடத்துக்குள்ளேயே கசரத் செய்து செய்து மாணவர்களுக்கு அலுத்துப் போயிற்று. ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் ஒரு யோசனை செய்தார். கட்டடக் காவலாளியிடம் இரண்டு பெட்டிகள் கேட்டார். அவரிடம் இருந்தவையோ பீச் பழக் கூடைகள். ‘அதுவும் சரிதான்’ என்று பத்தடி உயரத்தில் இரு பக்கமும் அவற்றை அறைந்துவிட்டார். பக்கத்துக்கு ஒன்பது பேராக 18 மாணவர்கள் ஆடினார்கள். அன்று விழுந்தது ஒரே ஒரு கோல்!

நெய்ஸ்மித் எழுதிய விதிகள் 13. அவற்றில் ஒன்றுதான் மற்றவற்றுக்கெல்லாம் உயிர்: பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது, நின்ற இடத்திலிருந்து இன்னொருவனுக்கு எறிய வேண்டும். எவ்வளவு பெரிய கெட்டிக்காரனானாலும், தனியாக ஓடிப் போய் வெற்றி பெற முடியாது. விளையாட்டுக்கு மட்டும் ஏற்ற விதியா இது?

அமெரிக்கர்களின் இன்னொரு கலாசாலை விளையாட்டும் இதே பாடத்தைக் கற்றது. ஆனால் உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்றது. அவர்களுடைய ‘ஃபுட்பால்’ நம்முடைய உதைபந்து அன்று. பந்தை அணைத்துக்கொண்டு எதிரிகளை மோதித் தள்ளும் முரட்டு ஆட்டம். 1905-இல் அதில் பல இளைஞர்கள் மாண்டார்கள். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் பெரிய கலாசாலைக்காரர்களை அழைத்துப் பேசினார். 1906-இல் விதி மாறியது. பந்தை முன்னோக்கித் தோழனுக்கு எறியலாம் என்று ஆயிற்று.

அதன்பின் எறிதலே ஒரு தனிக் கலையாக வளர்ந்துவிட்டது. ஹூஸ்டன் சர்வகலாசாலையில் 2007 முதல் 2011 வரை ஆடிய கேஸ் கீனம் என்ற இளைஞரின் எறிதல்களை அவர்கள் அளந்து கூட்டி வைத்திருக்கிறார்கள்: 19,217 கெஜம். எங்கள் பக்கத்துத் தறிக்காரர்கள் துணி அளந்த அதே கெஜந்தான். மங்கலத்திலிருந்து புறப்பட்டால் திருப்பூர் போய்ப் பாதி வழிக்கு மேல் திரும்பி விடலாம்!

அந்த ஸ்பிரிங்ஃபீல்டு கலாசாலையில் படித்த ஹாரி குரோ பக் என்பவர் 1919-இல் சென்னைக்கு வந்தார். அடுத்த ஆண்டே எஸ்பிளனேடில் ஒரு தேகப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். முதல் வகுப்பில் ஐந்தே மாணவர்கள். ஆசிரியர்கள் அவரும் அவர் மனைவி மேரியும். அந்தப் பள்ளியே பிறகு கலாசாலையாகிச் சைதாப்பேட்டைப் பக்கத்தில் விரிந்த மைதானங்களோடு நிலைத்தது. 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய வீரர்களுக்குத் துணையாகப் போனவரும் பக் அவர்களே. அங்கே தடை தாண்டி ஓடியவர்களில் ஒருவர் சி. கே. லக்ஷ்மணன், பின்னாளில் இந்திய சுகாதார இலாகாவின் தலைமைப் பதவி வகித்த டாக்டர். விளையாடினால் படிப்புக் கெடும் என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

1943-இல் பக் சென்னையிலேயே காலமானார். அவருடைய கலாசாலையில் பயின்றவர்கள் பற்பல ஊர்ப் பள்ளிகளுக்கு வாத்தியார்களாகச் சென்றார்கள். கழுத்தில் விசில் தொங்க, வெயிலில் நின்று சுண்ணாம்புக் கோடு போட்ட அந்த மனிதர்களுக்கு எந்த ஊரிலும் சிலை கிடையாது.

பந்து எல்லோர் கைக்கும் சுலபமாக வந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1892-இல் ஸ்மித் பெண்கள் கலாசாலையில் செண்டா பெரன்ஸன் என்ற ஆசிரியை இந்த ஆட்டத்தைக் கற்பித்தபோது, பெண்கள் களைத்துப் போவார்கள் என்று களத்தையே மூன்றாகப் பிரித்தார்கள். 1896-இல் ஸ்டான்ஃபோர்டுக் கலாசாலைப் பெண்கள் பெர்க்லிப் பெண்களை 2-1 என்று வென்றார்கள். ஆடவர் பார்க்க அனுமதி இல்லை. நிறத்தின் பெயரால் கட்டிய சுவர் அதைவிட உறுதியானது. 1966-இல் டெக்ஸாஸ் வெஸ்டர்ன் கலாசாலை ஐந்து கறுப்பு இன இளைஞர்களைக் களத்தில் இறக்கி, வெள்ளையர் மட்டுமே கொண்ட கென்டக்கி அணியை 72-65 என்று வென்றது. சுவரில் பெரிய ஓட்டை விழுந்தது அன்றுதான். நம் நாட்டிலும் காலம் சும்மா இருக்கவில்லை. இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைமை தாங்கிய சென்னை அனிதா பால்துரை 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார்.

இவ்வளவும் சொன்ன பிறகு எங்கள் ஊர்ப் பக்கம் பார்க்கிறேன். எங்கெங்கோ உள்ள பிள்ளைகள் அணிந்து விளையாடும் பனியன்களைத் தைப்பவை திருப்பூர்க் கைகள். ஆனால் அந்தக் கைகளுக்கு உரியவர்களின் பிள்ளைகளுக்குப் பந்து தொடும் நேரம் எவ்வளவு? கால அட்டவணையில் ‘விளையாட்டு’ என்று ஒரு பீரியட் இருக்கிறது. பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார் அதைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார், பெற்றோரும் சந்தோஷப்படுகிறார்கள். படித்துச் சம்பாதிக்க வேண்டிய பிள்ளை என்பது அவர்கள் கவலை. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆயினும், தன் கையிலுள்ளதைத் தக்க சமயத்தில் தோழனுக்குக் கொடுத்து, அவன் பெற்ற கோலுக்குத் தான் துள்ளிக் குதிக்கும் பழக்கத்தை எந்தக் கணக்குப் புத்தகம் கற்றுத் தரும்?

அமெரிக்கர்கள் ஒவ்வோர் எறிதலையும் கெஜம் கெஜமாக எழுதி வைக்கிறார்கள். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். பழைய பள்ளிக்கூடங்களின் சுவரில் தொங்கும் விளையாட்டு அணிப் படங்களில், பெயர்கள் முற்றிலும் அழியுமுன் யாராவது ஒரு மாணவர் அவற்றைப் பிரதி எடுத்து வைக்கட்டும். பீரியடை மட்டும் கணக்கு வாத்தியார் தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடட்டும்.