நீச்சல் குளத்தின் ஓரக் கல்: மொகஞ்சதாரோவிலிருந்து கலிபோர்னியா வரை

வீட்டில் புதுசா நீச்சல் குளம் கட்டுகிறவர்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். ஓரத்துக்கு என்ன கல் போடுவது என்ற கேள்வி கடைசியில்தான் வரும். குழி தோண்டி, கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு, பம்ப் வாங்கி, கையிருப்பு கரைந்த பிறகு கடைக்குப் போய் நிறம் பார்ப்பார்கள். கிரானைட்டா, கோட்டா கல்லா, டிராவர்டைனா? இந்தக் கேள்விக்குப் பின்னால் 4,500 வருஷ வரலாறு இருக்கு. அதில் திரும்பத் திரும்ப வருகிற விஷயம் இதுதான்: கண்ணுக்குத் தெரிகிற ஓரம் காலுக்கானது. தண்ணீரைப் பிடித்து வைப்பது அதற்குப் பின்னால் மறைந்திருக்கும் வேறொன்று.

மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தைப் பள்ளிப் புத்தகப் படத்தில் எல்லாரும் பார்த்திருப்போம். 1925-26ல் அகழ்ந்தெடுத்தது. சுமார் 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம். படத்தில் தெரிவது செங்கல் மட்டும்தான். அந்தச் செங்கல்லைப் படுக்கப் போடாமல், பக்கவாட்டில் நிறுத்தி, நெருக்கமாக அடுக்கி, இடையில் ஜிப்சம் சாந்து பூசியிருக்கிறார்கள். ஆனால் ஜிப்சம் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையக்கூடிய பொருள். அதை மட்டும் நம்பியிருந்தால் குளம் ஒழுகியிருக்கும். அதனால் உள்சுவருக்குப் பின்னால், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், இரண்டரை சென்டிமீட்டர் அளவுக்கு இயற்கைத் தார் பூச்சு. அதற்குப் பின்னால் இன்னொரு செங்கல் சுவர்.

இன்னொரு நுணுக்கமும் இருக்கு. வடக்கிலும் தெற்கிலும் இறங்கும் படிகளின் மேல் மரப்பலகை பதித்திருக்கிறார்கள், அதையும் தாரில் ஒட்டி. ஏன் மரம்? சுட்ட செங்கல்லின் முனை ஈரக்காலைக் கிழிக்கும், ஆள் ஏறி இறங்க முனையும் உதிரும். அதனால்தான் என்பது என் ஊகம். எப்படியோ, கால் படுகிற இடத்துக்கு ஒரு பொருள், நீரைத் தடுக்க வேறொரு பொருள் என்று அவர்கள் பிரித்துவிட்டார்கள்.

ரோமானியர்களும் அதே வழியில்தான் போனார்கள். இங்கிலாந்தின் பாத் நகரத்தில் வெந்நீர் ஊற்றை ஒட்டி அவர்கள் கட்டிய பெரிய குளம் 1.6 மீட்டர் ஆழம். நாலு பக்கமும் கல் படிகள். தண்ணீர் நிற்பதற்குக் காரணம் அந்தக் கல் இல்லை. குளத்துக்குள் விரித்திருக்கிற 45 தடிமனான ஈயத் தகடுகள்.

நம்ம ஊர் கோயில் குளங்களை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அங்கே பல இடங்களில் படிக்கல் இடுக்கு வழியாக நீர் மண்ணுக்குள் இறங்கணும், நிலத்தடி நீர் உள்ளே வரணும். நோக்கமே வேறு. "கோயில் குளத்துல வெறும் கல்தானே சார் போட்டிருக்கான்" என்று ஒரு கொத்தனார் சொன்னால், அந்த உதாரணம் நீச்சல் குளத்துக்குப் பொருந்தாது.

இப்போதைய நீச்சல் குளத்தின் கதை தொடங்குவது ஒரு அருங்காட்சியகத்தில். சிகாகோவில் செத்த விலங்குகளைப் பாடம் செய்துகொண்டிருந்த கார்ல் ஏக்லி, 1907 வாக்கில் உதிரும் கட்டட முகப்பைச் சரிசெய்ய, சிமென்ட் கலவையைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சும் கருவி ஒன்றைச் செய்தார். 1911ல் காப்புரிமை கிடைத்தது. கனைட் என்று நாம் சொல்வது அதன் வழிவந்ததுதான். பலகை அடைத்து வார்க்க வேண்டிய கட்டாயம் போனதும், குளம் எந்த வடிவத்தையும் எடுக்கலாம் என்றானது. 1948ல் தாமஸ் சர்ச் கலிபோர்னியாவின் சோனோமாவில் வடிவமைத்த டானல் தோட்டத்துக் குளம் வளைந்து நெளிந்து கிடக்கும்.

வளைவு வந்ததும் ஓரத்துக்குச் சிக்கல். நீளமான கல் பலகை வளையாது. துண்டு துண்டாகச் சீவணும், செலவு, சேதாரம். செங்கல் சின்னது, ஆகவே வளைவில் எளிதாகத் திரும்பும். முனை உருட்டிய சிறிய கான்கிரீட் கட்டைகளும் அப்படித்தான். அமெரிக்கப் புறநகர் வீடுகளில் இவை ஏன் அவ்வளவு பரவின என்பதற்கு அழகைவிட இந்தக் கணக்குதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

இங்கேயும் மறைந்திருக்கிற ஒன்றுதான் முக்கியம். குளத்துச் சுவரின் தலைப்பகுதியில் கம்பி கூடுதலாகக் கட்டிய தடித்த கான்கிரீட் விட்டம் சுற்றி ஓடும். ஓரக் கல் உட்காருவது அதன் மேல். வெளியே இருக்கிற நடைதளம் தனி. அது மண்ணோடு சேர்ந்து அசையும், வெயிலில் விரியும். ஆகவே இரண்டுக்கும் நடுவே ஒரு இடைவெளி விட்டு, ரப்பர் மாதிரி இழுபடும் சீலன்ட்டால் நிரப்பணும். இந்த இடைவெளி பார்க்க அசிங்கமா இருக்குன்னு சிமென்ட் வைத்து அடைத்துவிட்டால், விரிகிற தளம் ஓரக் கல்லைத் தள்ளும், அதற்குக் கீழே நீர்மட்டத்து டைல்ஸ் வெடிக்கும், வெடிப்பு வழியாக நீர் பின்பக்கம் போகும். விலை உயர்ந்த கல் போட்டாலும் இதே கதிதான்.

சரி, எந்தக் கல்? பாலிஷ் போட்ட கிரானைட் வேண்டவே வேண்டாம், ஈரத்தில் வழுக்கும். கிரானைட்தான் வேணும்னா சொரசொரப்பான ஃபிளேம் ஃபினிஷ், அதிலும் வெளிர் நிறம். கறுப்புக் கல்லில் மே மாத மதியம் வெறுங்காலோடு நிற்க முடியாது. டிராவர்டைன் காலுக்கு இதமா இருக்கும். ஆனால் அதுவும் கோட்டாவும் சுண்ணாம்புக் கல் வகை. நீரின் பி.எச். குறைக்க ஊற்றுகிற அமிலம் சிந்தினால் கல்லை அரிக்கும். உப்பு குளோரினேட்டர் வைக்கப் போறீங்கன்னா இன்னும் கவனம் வேணும். நுண்துளைக்குள் போன உப்பு காய்ந்து படிகமாகி, கல்லின் மேற்பரப்பைச் செதில் செதிலாக உரிக்கும். கடையில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, மொட்டை மாடி வெயிலில் ஒரு மதியம் போட்டு, தண்ணீர் ஊற்றி, வெறுங்காலோடு அதன் மேல் நின்று பாருங்க. அதுக்கப்புறம் நிறத்தைப் பேசலாம்.