சாவி திரும்பலையா? பலத்தைக் காட்டாதீங்க! பழைய மாருதி 800 ஸ்டீயரிங் லாக் கைடு

1983 டிசம்பரில் சாலைக்கு வந்த மாருதி 800-ன் தயாரிப்பு 2014-ல் நின்றுபோனது. ஆனாலும், அப்பா வாங்கிய கார் என்பதால் விற்க மனசு வராமல் வீட்டிலேயே வைத்திருப்பவர்கள் இன்றும் உண்டு. நாலு மாசம் கழித்து எடுக்கப்போனால் சாவி உள்ளே போகும், ஆனால், திரும்பாது. ஸ்டீயரிங்கும் அசையாது. பதற வேண்டாம்.

சாவியை உருவிவிட்டு ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்பினால், உள்ளே இருக்கும் ஓர் இரும்பு முளை ஸ்டீயரிங் தண்டின் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். இதுதான் லாக். சக்கரம் ஒடித்த நிலையிலோ, கல்லில் முட்டிக்கொண்டோ நின்றால், தண்டு அந்த முளையை ஒரு பக்கமாக நெருக்கிப் பிடிக்கும். அப்போது சாவியை முறுக்கினால் சாவிதான் உடையும். ஒரு கையால் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் மெதுவாக அசைத்துக்கொண்டே, இன்னொரு கையால் சாவியைத் திருப்புங்கள். நெருக்கம் விடுபட்டதும் 'டக்'கென்று திறந்துகொள்ளும்.

ஸ்டீயரிங் அசைந்தும் சாவி திரும்பவில்லையா? சந்தேகம் சாவி மேல்தான். டூப்ளிகேட்டைப் பார்த்து இன்னொரு டூப்ளிகேட் போட்டிருப்போம். ஒவ்வொரு முறையும் வெட்டு கொஞ்சம் மழுங்கும். பீரோவில் தூங்கும் ஒரிஜினல் சாவியைத் தேடி எடுத்துப் போட்டுப் பாருங்கள். துவாரத்தில் தேங்காய் எண்ணெய் மட்டும் விட்டுவிடாதீர்கள். அன்றைக்கு வேலை செய்யும், அப்புறம் தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். கிராஃபைட் பவுடர் நல்லது. இல்லையா, பென்சில் கரியைச் சாவியில் தேய்த்து நாலைந்து முறை உள்ளே விட்டு எடுங்கள்.

சாவி திரும்பியும் வண்டி உயிர் பெறவில்லை என்றால் பேட்டரியைப் பாருங்கள். அது சரியாக இருந்தால், அடுத்து பூட்டின் பின்னால் இருக்கும் இக்னிஷன் ஸ்விட்ச். அதைத் தனியாக மாற்றலாம், மொத்த செட்டும் வேண்டியதில்லை. ஸ்டார்ட் செய்தபின் சாவி தானாகத் திரும்பி வராமல் சிக்கிக்கொண்டால் மட்டும் அவசரம். ஸ்டார்ட்டர் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்து எரிந்துபோகும். உடனே பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள்.

எதற்கும் மசியவில்லையா? "லாக்கை கட் பண்ணி விட்டுடலாம் சார்" என்பார் மெக்கானிக். செலவு குறைவுதான். ஆனால், திருடனுக்கும் வேலை குறைவு. பூட்டைத் தண்டோடு பிடித்திருப்பவை தலை உடைந்த போல்ட்டுகள், ஸ்பேனர் பிடிக்காது. உளி வைத்துத் தட்டியோ, துளை போட்டோதான் எடுக்க வேண்டும். வீட்டில் முயல வேண்டாம். சிலிண்டரைப் பூட்டுக்காரரிடம் கொடுத்தால், உள்தகடுகளை மாற்றிக் கதவுச் சாவிக்கே பொருத்தித் தர வாய்ப்புண்டு.

ஒன்றை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். இன்ஜின் ஓடும்போதே சாவி கையோடு வந்துவிட்டால், சிலிண்டர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதோடு ஓட்டக் கூடாது. வளைவில் லாக் விழுந்தால் பிரேக் மட்டும்தான் துணை. ரிப்பேர் முடிந்ததும், தெருவுக்கு எடுக்கும் முன் நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுசாக ஒடித்து, பத்து முறை சாவியைப் போட்டு எடுத்துப் பாருங்கள்.