சேனாதிபதி மாளிகை நூதனசாலையான வரலாறு

புது டில்லியிலே "தீன் மூர்த்தி" என்றோர் இடம் உண்டு என்று கேட்கும் நம்மவர், அங்கே மும்மூர்த்திகளுக்கு ஓர் ஆலயம் எழுந்துள்ளது போலும் என எண்ணுதல் இயல்பே. ஆயின், அங்கு நிற்கும் மூர்த்திகள் மூவரும் போர்வீரராவர். முதலாவது உலக மகாயுத்தத்திலே சைனாய், பாலஸ்தீனம் முதலிய களங்களிற் பொருது மாண்ட ஐதராபாத், யோத்பூர், மைசூர் ஆகிய சமஸ்தானங்களின் குதிரைப்படை வீரர் ஞாபகார்த்தமாக 1922 ஆம் ஆண்டில் அச்சிலைகள் நாட்டப்பெற்றன. அவற்றை வடித்தவர் லெனாட் ஜெனிங்ஸ் என்னும் ஆங்கிலச் சிற்பி. 1918 செப்டெம்பர் 23 ஆந் திகதி யோத்பூர், மைசூர் வீரர்கள் ஈட்டி ஏந்திக் குதிரைமேற் பாய்ந்து ஹைபா நகரைக் கைப்பற்றிய செயல் போர் வரலாற்றிலே தனியிடம் பெற்றதாகும். அந்நகரின் பெயரும் 2018 இல் அச்சந்தியின் பெயரோடு சேர்க்கப்பெற்றது.

இச்சிலைகளுக்கு அருகே நிற்கும் மாளிகையின் கதையே ஈண்டு நாம் கூற எடுத்துக்கொண்டது. 1911 இல் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர், தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாறும் என அறிவித்தார். புதிய நகரிலே இராசப்பிரதிநிதிக்குப் பெருமாளிகை எழுந்தது. அதற்குத் தெற்கே, இந்திய சேனையின் பிரதம சேனாதிபதி வாழ்வதற்கென 1930 இல் வேறொரு மாளிகை கட்டி முடிக்கப்பெற்றது. அதனை அமைத்தவர், கொனோட் பிளேஸ் என்னும் வணிக வட்டத்தை வகுத்த ரொபேட் ரோர் ரசல் ஆவர். அதன் அக்காலப் பெயர் "பிளாக்ஸ்ராவ் ஹவுஸ்", அதாவது கொடிமர இல்லம். பதினான்காம் நூற்றாண்டிலே பிரோஸ் ஷா துக்ளக் அமைத்த வேட்டை மாளிகை ஒன்றும் அதன் வளவினுள்ளேயே இருக்கின்றது. அரசுகள் வருவதும் போவதும் இவ்வளவுக்குப் புதியனவல்ல.

பிரிட்டிஷாட்சியின் கடைசிப் பிரதம சேனாதிபதியாக இம்மாளிகையில் வாழ்ந்தவர் சேர் குளோட் ஓக்கின்லெக். 1947 இல் நாடு பிரிந்தபோது, தாம் கட்டிக்காத்த சேனையைத் தாமே இந்தியாவுக்கும் பாக்கிஸ்தானுக்குமாகப் பங்கிட்டுக் கொடுக்கும் துயரமான கடமை அவருக்கு நேர்ந்தது.

சுதந்திரத்தின்பின், 1948 இல், பிரதமர் ஜவகர்லால் நேரு இங்கே குடிபுகுந்தார். வீடு மாறிய சிறு செய்திதானே இது எனச் சிலர் கருதலாம். ஆழ்ந்து நோக்கின் இதிலே ஒரு பெருங் கருத்துண்டு. சேனையின் தலைவன் இருந்த இடத்திலே குடிமக்கள் தெரிந்தெடுத்த தலைவர் அமர்ந்தார். ஆயுதபலம் மக்களின் ஆணைக்கு அடங்கியது என்பதற்கு இதனினும் தெளிவான அடையாளம் வேறு வேண்டுமா? சுதந்திரம் பெற்ற எத்தனையோ நாடுகளிற் சேனாதிபதிகள் அரசமாளிகைக்குட் புகுந்தனர். இந்தியாவிலோ சேனாதிபதியின் மாளிகைக்குட் பிரதமர் புகுந்தார்.

பதினாறு ஆண்டுகள் நேரு அங்கு வாழ்ந்து, 1964 மே 27 ஆந் திகதி அங்கேயே உயிர் நீத்தார். அவருக்குப்பின் பிரதமரான லால் பகதூர் சாஸ்திரி அங்கே குடியேறவில்லை. நேருவின் எழுபத்தைந்தாவது பிறந்த தினமான 1964 நவம்பர் 14 ஆந் திகதி, சனாதிபதி இராதாகிருஷ்ணன் அம்மாளிகையை நூதனசாலையாக நாட்டுக்கு அர்ப்பணித்தார். நேருவின் படுக்கையறையும் படிப்பறையும் பேணப்பெற்றன. அயலிலே எழுந்த நூல்நிலையம் இக்கால இந்திய வரலாற்றை ஆராய்வோர்க்குப் பெருங் களஞ்சியமாயிற்று. 1984 இற் சிறுவரும் கண்டு மகிழும் கோளரங்கமொன்று அவ்வளவில் திறக்கப்பெற்றது.

2022 ஏப்பிரில் 14 ஆந் திகதி, இந்தியப் பிரதமர் எல்லோரையும் நினைவுகூரும் நூதனசாலை அங்கே திறந்துவைக்கப்பெற்றது. 2023 இல் நிறுவனத்தின் பெயரிலிருந்து நேருவின் பெயர் நீங்கி, "பிரதமர்கள் நூதனசாலையும் நூல்நிலையமும்" என்றாயிற்று. ஒருவர்க்கே உரியதாயிருந்த இல்லம் பலர்க்கும் உரியதாதல் நியாயமே என்பார் ஒரு சாரார். அங்கு வாழ்ந்து மறைந்தவரின் பெயரை நீக்குதல் நன்றியன்று என்பார் மற்றொரு சாரார். பலரை நினைவுகூர்தல் நன்றே. அதற்காக ஒருவரின் பெயரை அழிக்கவேண்டுவதில்லை என்பது எமது துணிபு.

பெயர்ப்பலகையை மாற்றுதல் ஒருநாள் வேலை. சேனாதிபதியின் கட்டளைகள் பிறந்த வளவிலே மாணவர் அமர்ந்து ஏடு புரட்டும் நிலையை உண்டாக்குதல் ஒரு தலைமுறையின் வேலை. இளைஞராகிய நாம் போற்றிக் காக்கவேண்டியது இப்பிந்திய மாற்றத்தையே.