வசிஷ்ட நதி போன வழியே மூன்று நாள்

கேரவன் என்றால் நமக்கெல்லாம் சினிமாக்காரர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் ஞாபகம் வரும். இங்கிலாந்தில் அது சாதாரணக் குடும்பத்துச் சமாச்சாரம். காருக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டைக் கோத்து இழுத்துக்கொண்டு, கோடைக் கூட்டம் குறைந்த பிறகு கடலோரத்தில் நான்கு நாள் இருந்துவிட்டு வருவார்கள். போன புரட்டாசியில் நாங்களும் ஏறக்குறைய அப்படித்தான் போய்வந்தோம். வாடகை வேன், சின்ன சிலிண்டர், புளிக்காய்ச்சல், நான்கு பாய். போன இடம் பரங்கிப்பேட்டை.

"அங்க என்ன இருக்குன்னு போறீங்க?" என்று கேட்காதவர் இல்லை. காரணம் என் பேத்திதான். பேளூர் தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்குப் போனபோது ஆற்றைப் பார்த்து, "தாத்தா, இது எங்க போய் முடியுது?" என்றாள். "ஆத்தூர் பக்கம் போகுது சாமி" என்றேன். அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருஷம் இந்த ஆற்றங்கரையில் இருந்துவிட்டு இது தெரியாதா என்று எனக்கே வெட்கமாகப் போயிற்று.

விசாரித்தால் விஷயம் பெரிது. நம் வசிஷ்ட நதி ஆத்தூர், தலைவாசல் தாண்டி, கெங்கவல்லிப் பக்கமிருந்து வரும் சுவேத நதியோடு கலந்து வெள்ளாறு ஆகிறது. சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகப் போய்ப் பரங்கிப்பேட்டையில் கடலில் விழுகிறது. நாங்களும் சின்னசேலம், விருத்தாசலம் வழியாகப் போனோம். அரை நாள் பயணம். புரட்டாசி மாதம் என்பதால் மீன் கிடையாது. கடற்கரைக்குப் போய் வாசனையை மட்டும் பிடித்துவிட்டுத் திரும்பிய குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

பரங்கி என்பது போர்த்துக்கீசியரைக் குறித்த சொல். அவர்கள் வைத்த பெயர் போர்ட்டோ நோவோ, புதுத் துறைமுகம் என்று பொருள். முஸ்லிம் வணிகர்களுக்கு இது மஹ்மூத் பந்தர். டச்சுக்காரர், டேனிஷ்காரர், ஆங்கிலேயர் எல்லோரும் இங்கே கடை விரித்திருக்கிறார்கள். 1781 ஜூலை 1ஆம் தேதி ஹைதர் அலியை அயர் கூட் தோற்கடித்ததும் இங்கேதான். அப்போது நம் சேலம் சீமை மைசூரின் கையில் இருந்தது. 1792இல், திப்புவோடு செய்த ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கைப்படி, கம்பெனி கைக்கு வந்தது.

என்னைப் பிடித்து நிறுத்தியது சண்டை அல்ல, இரும்பு. சேலத்தில் கம்பெனியின் வணிக அதிகாரியாக இருந்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கஞ்சமலையின் இரும்புக் கல்லைப் பார்த்து அவருக்கு ஆசை பிடித்துவிட்டது. நம் பக்கத்துக் கோதுமலையிலும் அதே வகைக் கல் உண்டு. அதுவரை ஊர்க்காரர்கள் ஆளுயர மண் உலையில், துருத்தி ஊதி, கரியைப் போட்டு உருக்கி வந்தார்கள். அதைப் பெரிய ஆலையாகச் செய்யலாம் என்று வேலையை விட்டு இறங்கிய ஹீத், 1830இல் பரங்கிப்பேட்டையில் உலை போட்டார். கல் இருக்கும் இடத்தில் போடாமல் கடலோரத்தில் போட்டதுதான் கவனிக்க வேண்டியது. செய்த இரும்பு கப்பலேற வேண்டுமே! நம் மலைக் கல் பரிசல்களில் கொள்ளிடம் வழியாக அங்கே போயிற்று. 1850இல் வேல்ஸ் கடலோரத்தில் மெனாய் ஜலசந்தியின் மேல் திறந்த பிரிட்டானியா பாலத்தில் அந்த இரும்பு சேர்ந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஆலை நிலைக்கவில்லை. கல்லுக்குப் பஞ்சமில்லை, கரிக்குத்தான் பஞ்சம். இங்கே நிலக்கரி கிடையாது, எல்லாம் மரக்கரி. பக்கத்துக் காடு தீர்ந்தால் அதற்கு அடுத்த காடு, அதுவும் தீர்ந்தால் இன்னும் தூரத்துக் காடு. கரியின் வண்டிக்கூலியே கழுத்தை நெரித்துவிட்டது. ஹீத் இங்கிலாந்து திரும்பி, எஃகு செய்யும்போது மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை வாங்கினார். எஃகின் விலை இறங்கியது. ஆனால் முறையைக் கொஞ்சம் மாற்றி மற்றவர்கள் லாபம் பார்த்தார்கள். இவர் கோர்ட்டுக்கு அலைந்து, வழக்கு முடியுமுன்னே 1851இல் காலமானார். அவர்மேல் எனக்கு இரக்கம் உண்டுதான். அந்த உலைக்குப் போன மரங்களை நினைத்தால் அது பாதியாகிவிடுகிறது.

ஆலை இருந்த தடயம் எதுவும் என் கண்ணில் படவில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் மட்டும் ஆற்றோரம் இருக்கிறது. இரண்டு இரவும் வேனிலும் பாயிலுமாகப் படுத்தோம். கொசு பிடுங்கியது, ஆனால் காற்று அருமை.

முகத்துவாரத்தில் ஆறு பரந்து கிடந்தது. "இவ்வளவு தண்ணி நம்ம ஊர்லேர்ந்து வந்ததா தாத்தா?" என்று பேத்தி கையில் அள்ளி வாயில் வைத்துத் துப்பினாள். உப்பு. பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர் சிரித்தார். "இது மேலேர்ந்து வந்த தண்ணி இல்ல பாப்பா. ஏத்தத்துல கடல் உள்ள ஏறி வருது. மேல தண்ணி வந்தா கலங்கலா இருக்கும், எங்களுக்குத் தெரியும்."

மூன்றாம் நாள் விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டது. பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினோம். சேத்தியாத்தோப்பில் ஆற்றைத் தாண்டும்போது செம்மண் நிறத்தில் கொஞ்சம் தண்ணீர் ஓடியது. பேத்தி வேனை நிறுத்தச் சொல்லிப் பார்த்தாள். சாயங்காலம் வாழப்பாடி வந்தவள், வீட்டுக்குக்கூடப் போகாமல் பேளூர் பாலத்துக்குப் போகச் சொன்னாள். போனோம். அங்கே மணல்தான் இருந்தது.