தளிச்சேரிப் பங்கும் ஆடற்கலையும்

தஞ்சைப் பெருவுடையார் திருக்கோயிலில் நெல் அளந்த மரக்காலுக்கு ‘ஆடவல்லான்’ என்று பெயர். அம்பலத்தாடும் பெருமானின் திருநாமத்தை அளவுக் கருவிக்கு இட்டு வழங்கிய முதலாம் இராசராச சோழர், அம்மரக்காலாலேயே ஆடல் மகளிர்க்கும் நெல் அளந்து கொடுக்குமாறு ஆணையிட்டார். தெய்வத்தின் ஆடலும் அடியவரின் ஊதியமும் இவ்வாறு ஒரு பெயரில் இணைந்தன.

அத்திருக்கோயிலின் திருச்சுற்று மதிலில் உள்ள நெடுங்கல்வெட்டு ஒன்று இச்செய்தியை விரித்துரைக்கிறது. திருவாரூர், திருவையாறு, நாகப்பட்டினம், பழையாறை முதலிய ஊர்த் தளிகளிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளைத் தஞ்சைக்கு வருவித்து, கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் ஆளுக்கொரு வீடு அளித்தார் மன்னர். எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எவ்வூர்த் தளியிலிருந்து வந்தவர் என்பன யாவும் பெயருடன் பொறிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொருவர்க்கும் ஒரு பங்கு. பங்கொன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். நானூற்றுவர்க்கும் சேர்ந்து ஆண்டுக்கு 40,000 கலம். நட்டுவனார்க்கு இரண்டு பங்கு. பாடுவோர், முழவு கொட்டுவோர் மட்டுமன்றி, கணக்கர், குயவர், வண்ணார், தையற்காரர் ஆகியோரும் அதே நிவந்தத்தில் இடம் பெற்றனர். ஆடல், அங்கே பொழுதுபோக்காக எண்ணப்படவில்லை. ஏனைய திருப்பணிகளோடு ஒத்த பணியாகவே எண்ணப்பட்டது.

இக்கல்வெட்டின் ஒரு பகுதி நுணுகி நோக்கத்தக்கது. பங்கு பெற்றவர் இறந்தாலோ, வேற்றூர் சென்றாலோ, அவர்க்கு அடுத்த முறையினர் அப்பங்கைப் பெற்றுப் பணி செய்யலாம். அம்முறையினர் தகுதியற்றவராயின், தகுதியுடையாரைத் தேடி அமர்த்த வேண்டும். உறவு மட்டும் போதாது, கலைத் தேர்ச்சியும் வேண்டும் என்று வகுத்த மன்னரின் நுண்ணறிவை என்னென்பது! விமானத்தின் மேல்நிலைச் சுற்றில் 108 கரணங்களுக்கு இடம் வகுத்து, 81 கரணங்களைச் செதுக்கி, எஞ்சிய கற்களை வெறுமையாய் விட்ட சிற்பிகளும் அக்காலத்தவரே.

நாயக்கர் காலத்தைக் கடந்து மராட்டியர் காலத்திற்கு வருவோம். இரண்டாம் சரபோசியின் அவையில் விளங்கிய சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வர், அலாரிப்பு முதல் தில்லானா வரை இன்றும் மேடைகளில் வழங்கும் ஆடல் முறையை வகுத்தனர். ஆயினும் அரசர் ஆதரவு மறைந்தபின் ஆடல் மகளிர் நிலை தாழ்ந்தது. பெண்களைச் சிறு வயதிலேயே பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தால் நேர்ந்த கேடுகளை மறைத்துப் பேசுதல் அறமன்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால், ஊழியத்திற்கென விடப்பட்ட மானிய நிலங்கள் 1929ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஊழியக் கட்டிலிருந்து விடுபட்டன. 1947ஆம் ஆண்டுச் சட்டம் பொட்டுக்கட்டுதலையே விலக்கியது. இவை வேண்டிய சட்டங்களே. எனினும், ஆடலுக்கும் நெல்லுக்கும் இருந்த தொடர்பு அன்றோடு அற்றது. அதன்பின் ஆடலே தொழிலாகக் கொண்டோர், சபைகளையும் மாணாக்கரையும் நம்பி வாழ வேண்டியதாயிற்று.

அம்மாற்றத்தைத் தம் வாழ்விலேயே கண்டவர் பாலசரசுவதி அம்மையார் (1918–1984). வீணை தனம்மாளின் பேத்தியாகிய அவர், தஞ்சை நால்வர் மரபில் வந்த கந்தப்ப பிள்ளையிடம் பயின்று, 1925இல் காஞ்சியில் அம்மன் சந்நிதியில் அரங்கேறினார். பின்னாளில் அவர் ஆடியதோ சென்னைச் சபைகளிலும் அயல்நாட்டு மேடைகளிலும். கற்பித்தது அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலும்கூட. 1973இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற ருக்மிணி தேவி, 1936இல் கலாக்ஷேத்திரத்தைத் தோற்றுவித்து, பிற குலப் பெண்களுக்கும் ஆடலை வாழ்க்கைப் பணியாக்கினார். காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையின் மாணவி சந்திரலேகா, 1985இல் ‘அங்கிகா’வை அரங்கேற்றி, களரியையும் யோகத்தையும் பரதத்தோடு இணைத்து, புத்தாடலுக்கு வழி திறந்தார். பக்தியை நாடும் நமக்கு அவருடைய போக்கு முழுதும் உவப்பாகாதிருக்கலாம். உடலே ஆடலின் மூலம் என்று அவர் கொண்டதைக் கரணச் சிற்பங்கள் மறுக்கமாட்டா.

கோயிலுக்கும் ஆடலுக்கும் உறவு மீண்டும் துளிர்த்தது. 1981 முதல் தில்லையில் நாட்டியாஞ்சலி நடைபெறுகிறது. பெருவுடையார் கோயிலின் ஆயிரமாவது ஆண்டை முன்னிட்டு, 2010இல் பத்மா சுப்ரமணியம் தலைமையில் ஆயிரம் கலைஞர் அவ்வளாகத்திலேயே ஆடினர். நானூற்றுவர் ஆடிய மண்ணில் ஆயிரவர் ஆடிய காட்சி உள்ளத்தை உருக்குவது. ஆனால் இவ்விழாக்களில் ஆடுவோர் பெரும்பாலும் காணிக்கையாகவே ஆடுகின்றனர். ஒப்பனை, உடை, பக்கவாத்தியம், பயணம் ஆகியவற்றின் செலவு பெரிதும் அவர்களையே சாரும். விளக்குக்கும் அன்னதானத்திற்கும் கட்டளை வைக்கும் அன்பர் பலராக, ஆடலுக்குக் கட்டளை வைப்பார் அரியர்.

விராலிமலை முருகன் சந்நிதியில் இளமையிலேயே பொட்டுக்கட்டப்பட்டு, நாள்தோறும் மலையேறிச் சதிராடிய முத்துக்கண்ணம்மாள் அவர்களுக்கு 2022இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. அவருடன் அக்கோயிலில் ஆடற்பணி புரிந்தோர் முப்பத்திருவர் என்பர். அவ்வரிசையில் இறுதியானவர் அவரே.