கண்டியில் குளியலறைக் கூரையும் பூஞ்சணமும்

கண்டி வீடுகளின் குளியலறைக் கூரையில் புள்ளி புள்ளியாகப் படரும் கரும்பூஞ்சணம், குளியல் வீட்டுக்குள் வந்த பிறகு முளைத்த தொல்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மலைகளுக்கு நடுவே கிடக்கும் இந்நகரில் ஈரத்துக்கு என்றும் குறைவில்லை. ஆயினும் பல தலைமுறைகள் ஆற்றிலும் ஊற்றிலும் கிணற்றடியிலும்தான் குளித்தன. அரச குடும்பமும் இதற்கு விலக்கல்ல. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் காலத்து அரசியர் நீராடிய உல்பெங்கே, அரண்மனை அறைகளை விட்டு விலகி, ஏரியோரம் தனிக் கட்டடமாக நிற்கிறது.

கூரையின் ஈரத்தோடு அந்நாளில் போராடியவர்கள் குகை விகாரைகளை அமைத்தவர்களே. கண்டிக்கு அருகிலுள்ள தெகல்தொருவையில், 18ஆம் நூற்றாண்டில், கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் தொடங்கிய பணியின் பயனாகப் பாறைக் கூரையில், புத்தரை எதிர்த்த மாரனின் போர் ஓவியமாயிற்று. பாறை முகத்தில் வழியும் மழைநீர் குகைக்குள் இறங்கினால் சாந்தும் வண்ணமும் கெடும். இதற்கான விடை மிகப் பழையது. தம்புள்ளை முதலிய குகைகளின் வாய்க்கு மேலே பாறையில் ஒரு விளிம்பு வெட்டப்பட்டுள்ளது. சிங்களத்தில் இது கட்டாரம. வழிந்து வரும் நீர் அங்கே அறுபட்டு வெளியே சொட்டிவிடும். கறையைத் துடைப்பதற்கு முன் நீரின் வழியை அடைக்கும் இந்த முறையை மிஞ்சிய ஒன்று இன்றும் இல்லை.

கோப்பித் தோட்டங்களோடு எழுந்த, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் குளியல் வெளியே பீலி நீரில், அடுப்போ காம்பிரா எனப்படும் அறைக்குள். புகை கூரையைக் கரியாக்கினாலும் ஓரளவு உலர்த்தியது. அதனால் லயத்து மக்கள் ஈரத்திலிருந்து தப்பினர் என்று சொல்வதற்கில்லை. ஒழுகும் தகரமும் காற்று நுழையாத அறையும் பாயிலும் துணியிலும் பூஞ்சணத்தை வளர்த்தன; அந்த அநீதியைப் புகையின் நன்மை ஈடுசெய்யாது. சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதில் மட்டும் உண்மையான காப்பு இருந்தது. புதுச் சுண்ணாம்பின் கடுங்காரத்தில் பூஞ்சணம் வளராது. காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேரச் சேர அந்தக் காரம் தணிவதால், மீண்டும் மீண்டும் வெள்ளையடிக்க வேண்டியிருந்தது.

பேராதனைப் பூங்காவின் இயக்குநர் துவைட்ஸ் சேகரித்து அனுப்பிய பூஞ்சைகளை இங்கிலாந்தில் பூஞ்சை ஆய்வாளர்களான பெர்க்லியும் புரூமும் 1870களில் விவரித்தனர். ஆனால் 1869இல் தலைகாட்டிய கோப்பித் துருநோய்க்குப் பின் ஆய்வின் கவனம் வீட்டுப் பூஞ்சணத்தின்மேல் அல்ல, பெரும்பாலும் பயிர்மேலேயே நின்றது.

பின்னர் குழாய்நீர், சீமெந்துத் தட்டு, அஸ்பெஸ்டஸ் சீட், அறையோடு ஒட்டிய குளியலறை ஆகியவை வந்தன. ஜனவரி இரவில் கூரை குளிர்ந்திருக்க, சுடுநீர்க் குளியலின் ஆவி அதில் பட்டு நீர்த்துளியாகிறது. பெயின்ற்றில் படிந்த சவர்க்காரமும் தூசும் பூஞ்சணத்துக்கு உணவு.

கறையின் தோற்றமே அதன் காரணத்தைக் காட்டும். சிதறிய கரும்புள்ளிகள், குறிப்பாக வெளிச்சுவரை ஒட்டிய மூலையில், ஆவியின் அடையாளம். பழுப்பு வளையமிட்ட ஒற்றைக் கறை, மேலே ஒழுக்கு இருப்பதைக் காட்டும். வெண்பொடியாக உதிர்ந்து நீரில் கரைவது பூஞ்சணமன்று, உப்பு. ஐயமிருந்தால் நீர்த்த பிளீச்சை ஒரு துளி வைக்கலாம்: பூஞ்சணக் கறை ஓரிரு நிமிடத்தில் வெளுக்கும், புகைக்கரி வெளுக்காது. எந்த இனம் என்பதை நிறத்தால் அறிய முடியாது, அறியாமலே அகற்றலாம்.

ஒழுக்கை முதலில் அடைக்க வேண்டும். பிறகு சவர்க்கார நீரில் நனைத்த துணியால், கையுறையும் முகமூடியும் அணிந்து துடைத்து உலர்த்த வேண்டும். பிளீச்சோடு அமிலக் கழுவியைக் கலந்தால் குளோரின் நச்சு வாயு எழும். பழைய அஸ்பெஸ்டஸ் சீட்டை உலர்ந்த நிலையில் சுரண்டவே கூடாது. அதன் இழைகள் நுரையீரலைக் கெடுப்பவை. கூரையில் ஊறிப்போன அட்டைப்பலகை துடைத்துத் தேறாது, மாற்றத்தான் வேண்டும். அதன்பின் ஆவி வெளியேற உயரத்தில் ஒரு துவாரமோ வெளியே தள்ளும் மின்விசிறியோ தேவை. குளித்து முடித்தும் அரைமணி நேரம் அது ஓடினால் கூரை உலரும்.