கழற்றாத சக்கரமும் கழன்றுவரும் சக்கரமும்

தெருமுனை சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுவதை நின்று பார்த்தால் ஒன்று புரியும். பெரும்பாலும் கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றுவதே இல்லை. வண்டியைச் சாய்த்துப் போட்டு, வால்டியூபைப் பிடுங்கிக் காற்றை இறக்கி, டயரின் ஒரு விளிம்பை மட்டும் ரிம்முக்கு வெளியே நெம்பி, டியூபைக் கோழிக்குடல் மாதிரி உருவி வெளியே போடுவார். சக்கரம் வண்டியிலேயே இருக்கும். கியர் சைக்கிள் ஓட்டுபவர் நேர்மாறு: சக்கரத்தைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வேலையையே ஆரம்பிப்பார். குத்தியது என்னவோ இருவருக்கும் அதே கருவேல முள்தான்.

கடைக்காரர் கழற்றாததற்குச் சோம்பல் காரணமில்லை. அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ் போன்ற பழைய கறுப்பு வண்டியின் பின்சக்கரத்தைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். மட்கார்டு கம்பி, கேரியரின் கால், ஸ்டாண்டு எல்லாம் அந்த ஒரே ஆக்சிலில் வந்து மாட்டியிருக்கும். மேலே செயின் கவர் வேறு. கம்பி பிரேக்கின் கட்டைகள் ரிம்மின் உள்பக்கத்தில், போக்ஸ் கம்பிகளுக்கு இரு புறமும் நிற்கும். அவற்றை விலக்காமல் சக்கரம் வெளியே வராது. வந்தாலும் திரும்பப் பூட்டுவது இன்னொரு வேலை. சக்கரத்தைப் பின்னால் இழுத்துச் செயினின் தொய்வை அரை அங்குல அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அதே சமயம் சக்கரம் நடுவில் நிற்கவும் வேண்டும். ஒரு பக்க நட்டை முழுக்க முறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் சக்கரம் கோணலாகி டயர் ஃபிரேமில் உரசும். சின்ன ஓட்டைக்காக இத்தனையையும் கலைப்பானேன்? டியூபையே மாற்ற வேண்டிவந்தால்தான் ஸ்பேனர் வெளியே வரும்.

கியர் வண்டியின் கதை 1930இல் இத்தாலியில் தொடங்குகிறது. டூலியோ கம்பக்னோலோ என்ற பந்தய வீரர் அந்த ஆண்டு காப்புரிமை பெற்ற லீவர் பூட்டுதான் இன்றைய ‘குயிக் ரிலீஸ்’. ஆக்சிலின் நடுவே ஒரு மெல்லிய கம்பி போகிறது. ஒரு முனையில் லீவர், மறுமுனையில் நட்டு. லீவரை மடக்கினால் உள்ளே உள்ள கேம் இரண்டு பக்கத்தையும் நெரித்துப் பிடிக்கும். இதில் சக்கரம் நொடியில் கழன்றுவிடும். முன்னதாகச் செய்ய வேண்டியது சொற்பம்: பின்சக்கரம் என்றால் செயினை மிகச் சிறிய பல்சக்கரத்துக்குக் கொண்டுவருவது, ரிம் பிரேக் என்றால் அதன் கைகளை விரித்துவிடுவது. டிஸ்க் பிரேக் வண்டியில் சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக் பிடியைத் தொடவே கூடாது. தொட்டால் உள்ளேயிருக்கும் பேடுகள் நெருங்கிவிடும்; பிறகு டிஸ்க் நுழைய இடமிருக்காது. நடுவில் ஒரு அட்டைத் துண்டைச் செருகி வைப்பது நல்லது.

ஆபத்து எங்கே என்பதில்தான் இரண்டு வண்டிகளும் நிஜமாகவே பிரிகின்றன. நட்டு சரியாக முறுகியிருக்கிறதா என்பதை ஸ்பேனர் பிடித்த கையே சொல்லிவிடும். லீவர் அப்படிச் சொல்லாது. பழக்கமில்லாதவர் அதைக் காதுநட்டு போலச் சுற்றிச் சுற்றி முறுக்கி, ‘இறுகிவிட்டது’ என்று ஏறிப் போய்விடுவார். கேம் வேலையே செய்திருக்காது. லீவர் ஆக்சிலுக்கு நேராக வெளியே நீட்டி நிற்கும்போதே இறுக்கம் தெரியத் தொடங்க வேண்டும். முழுக்க மடக்கி மூடியதும் உள்ளங்கையில் அதன் தடம் பதிந்திருக்க வேண்டும். அதற்குக் குறைவான இறுக்கத்தை நான் நம்ப மாட்டேன்.

இது வெறும் அச்சமில்லை. 2015இல் அமெரிக்க நிறுவனமான டிரெக், அந்நாட்டில் மட்டும் சுமார் 9 லட்சம் சைக்கிள்களைத் திரும்ப அழைத்தது. முன்சக்கர லீவர் அளவுக்கு மீறித் திறந்து டிஸ்க்கில் சிக்கிக்கொள்ளக்கூடும் என்பது காரணம். அப்படி நடந்த ஒரு விபத்தில் ஒருவருக்குக் கை கால்கள் செயலிழந்தன. இன்று டிஸ்க் பிரேக் வண்டிகள் பலவற்றில் 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள துளை அச்சு வந்திருக்கிறது. அதை ஃபோர்க்கின் துளைகள் வழியே நுழைத்து மரையில் திருகிப் பூட்ட வேண்டும். நூறாண்டு நெருங்கும் வேளையில் மறுபடி திருகுக்கே வந்துவிட்டார்கள்!

ஒட்டுகிற வேலையில் பெரிய வித்தியாசம் கிடையாது. தண்ணீரில் குமிழி பார்த்து, ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது உலரும்வரை காத்திருந்து ஒட்டைப் பதிக்க வேண்டும். அவசரக்காரர்கள் தோற்பது அந்தக் காத்திருப்பில்தான். பழைய வண்டிக்கு மட்டும் உரிய சோதனை ஒன்றுண்டு: டியூபை உருவுமுன் வால்வில் எச்சில் தொட்டு வைத்துப் பார்ப்பது. குமிழி வந்தால் பஞ்சரே இல்லை, வால்டியூப்தான் நைந்திருக்கிறது. கியர் வண்டிக்காரர் வழியில் ஒட்டுவதே இல்லை. கையோடு இருக்கும் புது டியூபை மாட்டிவிட்டு, பழையதை வீட்டில் சாவகாசமாக ஒட்டுகிறார். இருவருக்கும் பொதுவான கட்டாயம் டயரின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்ப்பது. முள் அங்கேயே இருந்தால் எவ்வளவு நன்றாக ஒட்டியும் பயனில்லை. பக்கத்துப் பக்கத்தில் இரட்டை ஓட்டை இருந்தால் முள்ளைத் தேட வேண்டாம். காற்றுக் குறைவாக ஓட்டியதில் டியூப் ரிம்மில் நசுங்கியிருக்கிறது.

இப்போது கியர் வண்டியும் தெருமுனைக் கடைக்கு வருகிறது. கடைக்காரருக்கு டயர் நெம்புவதும் ஒட்டுவதும் கைவந்த கலை. அதில் நாம் தலையிட வேண்டாம். ஆனால் கிரீஸ் பட்ட விரல் டிஸ்க்கில் பட்டால் பிரேக் பிடிக்காது. மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு அவருடைய பம்பு பொருந்தாமலும் போகும். பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு, சக்கரத்தை நீங்களே கழற்றிக் கையில் கொடுங்கள். திரும்ப மாட்டுவதையும் லீவரை மூடுவதையும் அவரிடம் விடாதீர்கள். கிளம்பும் முன் முன்சக்கரத்தைத் தூக்கி ஒரு குத்துக் குத்திப் பார்த்துவிட்டு, இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள்.